எண்ணெய் தடவிய கால்

"24-4-1966, ஞாயிறு. வலது கணுக்கால். வெளிப்பக்கம், எலும்புக்கு முன்னால் கோழிமுட்டை அளவு வீக்கம். எலும்பின் நுனியில் அழுத்தினால் வலி இல்லை என்கிறான். பின்விளிம்பிலும் இல்லை. ஊன்றி நாலு எட்டு வைத்தான். எலும்பு முறியவில்லை. சுளுக்கு. ஈரத்துணி, ஓய்வு. பிறகு பிளாஸ்திரி."

இது என் கையெழுத்து. அந்த நாட்களில் நான் பார்த்த ஒவ்வொரு கணுக்காலைப் பற்றியும் இப்படி நாலு வரி எழுதி வைப்பேன். தேதி போடாமல் எதையும் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. மழை பெய்த நாள், பஸ் கட்டணம் ஏறிய நாள், கோயில் மணி உடைந்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. மேலே உள்ள குறிப்பில் மருத்துவமாகப் பார்த்தால் ஒரு தவறும் இல்லை. அது சுளுக்குதான். ஆனால் "என்கிறான்", "வைத்தான்" என்ற இரண்டு சொற்களைப் படிக்கும்போது கூசுகிறது. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என் தெருவைச் சேர்ந்தவராக இருந்திருந்தால் "அண்ணன்" என்று எழுதியிருப்பேன். கீழ்த்தெருக்காரர் என்பதால் "அவன்" என்று எழுதினேன். அவர் என்னை "சார்" என்றார். இந்த ஏற்பாடு அன்று எங்கள் இருவருக்குமே வித்தியாசமாகத் தெரியவில்லை. இங்கே அவரை "அவர்" என்றே எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் அப்போது செஞ்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். அவலூர்பேட்டை சாலையில் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்துபோவேன். 1964 கோடை விடுமுறையில் கடலூரில் மூன்று வாரம் முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள். பாம்புக்கடி, தீக்காயம், நீரில் மூழ்கியவர் என்று எல்லாமும் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு மனதில் நின்றது கணுக்கால்தான். பாடம் நடத்திய டாக்டர் ஒரு கால் எலும்புக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எலும்பை அழுத்து, நரம்பை அழுத்து, எங்கே வலிக்கிறது என்று கேள், நிற்கச் சொல், நடக்கச் சொல். ஐந்தும் செய்யாமல் கட்டுப் போடாதே" என்றார். அதற்குப் பிறகு நான் கண்ட கால்களை எல்லாம் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தேன்.

செஞ்சியில் சடுகுடு ஆடுகிறவர்களுக்குக் கணுக்கால் பிசகுவது வாரம் தவறாத சங்கதி. வெறுங்காலில் ஆடுவார்கள். கோட்டை அகழியை ஒட்டிய திடலில் மண்ணுக்கு அடியில் கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும். யாராவது விழுந்தால் எண்ணெய் போட்டு நீவுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டுக் காலால் உதைக்கச் சொல்வார்கள். நான் அங்கே ஆடிய டீமோடு சேர்ந்தபின், பிளாஸ்திரிச் சுருளும் ஸ்பிரிட் புட்டியும் கத்தரியும் உள்ள என் தகரப் பெட்டியைத் தேடி வந்தார்கள். "கால் வாத்தியார்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது.

பிளாஸ்திரி போடுவதில் ஒரு முறை உண்டு. ஆடுகிறவர் பெஞ்சில் உட்கார வேண்டும். நான் தரையில் குத்துக்காலிட்டு அவர் பாதத்தை என் தொடைமேல் வைத்துக்கொள்வேன். பாதம் தொங்கக் கூடாது, காலுக்குச் செங்கோணத்தில் மடங்கி நிற்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, காலின் கீழ்ப்பகுதியில் முதலில் ஒரு வளையம். பிறகு உள்பக்கம் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுவந்து, வெளிப்பக்கம் மேல்நோக்கி இழுத்து ஒட்டும் பட்டைகள். கால் உள்நோக்கிப் புரளாமல் பிடித்துக்கொள்வது இந்தப் பட்டைகள்தான். எல்லாவற்றுக்கும் தோல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமோ பிசுக்கோ இருந்தால் பிளாஸ்திரி ஒட்டியது போலத் தெரியும். வியர்வை கண்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கட்டுப் போட்டு முடித்ததும் என் விரலெல்லாம் பிசினாக இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். யார் காலைத் தொட்டாலும் கழுவுவேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் என் அம்மா, "இன்னிக்கு யாரு காலு?" என்று கேட்பார். எங்கள் தெருப் பையன் என்றால் சோறு போடுவார். கீழ்த்தெரு என்றால், "இன்னொரு தரம் கழுவிட்டு வா" என்பார். நான் இன்னொரு தரம் கழுவிவிட்டு வந்து சாப்பிடுவேன்.

எங்கள் கிராமத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: இரண்டு தெருக்காரர்களும் கிறிஸ்தவர்கள், ஒரே வேதம், ஒரே கோயில். அவர்களுக்குக் கோயிலில் இடதுபக்கம், எங்களுக்கு வலதுபக்கம். பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவு அது. பன்னிரண்டு பேரும் வலதுபக்கத்தைச் சேர்ந்தவர்கள். என் நைனா எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்தப் பன்னிரண்டில் ஒருவர்.

அன்றைக்கு நைனாவின் கால்களுக்குத்தான் வீட்டில் திருநாள். உச்சி வேளைக்கே கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பார். சோப்புப் போடுவார். உலர்ந்ததும் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி வெடிப்பு வெடிப்பாகத் தடவுவார். மண் படக்கூடாதென்று செருப்புப் போட்டுக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் போவார். "இவ்ளோ தேச்சிட்டா சாமியாருக்குக் கழுவ இன்னா மிச்சம் நைனா?" என்று ஒருமுறை கேட்டேன். "அழுக்குக் கால அவரு கையில குடுப்பாங்களாடா? பெரியவங்க தொடற காலு" என்றார். பன்னிரண்டு வீட்டிலும் இதே கதைதான். அன்று கோயில் முன்வரிசையில் சாம்பிராணிக்குச் சமமாகத் தேங்காய் எண்ணெய் மணக்கும்.

இனி அவருக்கு வருகிறேன். அவர் அவலூர்பேட்டை சந்தையில் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மாவும் இரண்டு தங்கைகளும் கூலிக்குப் போனார்கள். சொந்தமாக ஒரு காணி நிலமும் கிடையாது. சடுகுடுவில் பாடிப் போவதில் அவருக்கு இணையாக அந்தத் தாலுக்காவில் ஆள் இல்லை. சில நாள் விடியற்காலையில் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்திலிருந்து மூச்சு விடாமல் பாடிக்கொண்டே படியேறுவார். மூச்சு முறிகிற படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். கோடு மாதா மாதம் மேலே ஏறியது. ஏப்ரல் 24 அன்று இறங்கி வரும்போது ஒரு சரளைக் கல்லில் கால் புரண்டுவிட்டது. நொண்டிக்கொண்டே திடலுக்கு வந்தார்.

நான் பெஞ்சைக் காட்டினேன். உட்காரவில்லை.

"நீங்க கீழ ஒக்காந்தா நான் எப்பிடி சார் மேல ஒக்கார்றது?"

"ஒக்காரலன்னா நான் எப்பிடி பாக்கறது? ஒக்காருப்பா."

உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து என் தொடைமேல் விரித்து, அதன்மேல் காலை வைத்தார். வைத்தார் என்றும் சொல்ல முடியாது. பாரம் என்மேல் இறங்காமல் காலைத் தூக்கியே பிடித்திருந்தார். தசை நடுங்கியது.

"இங்க வலிக்குதா?"

"இல்ல சார்."

"இங்க?"

"இல்லவே இல்ல சார். மண்ணா கெடக்குது, தொடாதீங்க. நீங்க எழுந்துக்குங்க."

பக்கத்தில் நின்ற என் சித்தப்பா மகன் சிரித்தான். அவனும் டீமில் இருந்தான், பிடிப்பதில் கெட்டிக்காரன். வயதில் அவரைவிட ஐந்தாறு வருஷம் சின்னவன். "கரண்ட பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது, வலிக்கலயாம்ணா. பொய்யி. எழுப்பி ஓட வுடு, தெரிஞ்சிடும்" என்றான்.

எனக்கு அது ஒரு தொழில் சிக்கலாகத்தான் பட்டது. வலிக்கிறது என்று சொன்னால் நான் இன்னும் கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வலிக்கவில்லை என்றால் விட்டுவிடுவேன். அதனால் அவர் சொன்ன பதிலை நம்ப முடியாது. நான் வாயைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் கால் விரல்களைப் பார்த்தேன். எலும்பின் நுனியில் அழுத்தினேன், விரல்கள் சும்மா இருந்தன. பின்விளிம்பில் அழுத்தினேன், சும்மா இருந்தன. எலும்புக்கு முன்னால் பள்ளத்தில் அழுத்தியதும் ஐந்து விரலும் உள்ளே சுருண்டன. நரம்புதான், எலும்பு இல்லை. இதை நானே கண்டுபிடித்தேன் என்று அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். ஒரு மனிதன் தன் கால் வலியைக்கூட என்னிடம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அதை எப்படிச் சுற்றிக்கொண்டு போவது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் கைகழுவப் போனேன்.

மே மாதம் செஞ்சியில் பந்தயம். அந்த வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆலைக்கு ஒரு சடுகுடு டீம் கட்டுகிறார்களாம். இரண்டு பேரைப் பொறுக்கி வேலையும் கொடுத்து, குடியிருக்க லைனில் வீடும் கொடுத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அரிசிக்காக எல்லோரும் வரிசையில் நின்ற வருஷம் அது. மாதச் சம்பளம் என்ற சொல்லையே கீழ்த்தெருவில் யாரும் தன் வீட்டுச் சொல்லாகச் சொன்னதில்லை.

சனிக்கிழமை, மே 14, அரையிறுதி. அவர் சந்தையிலிருந்து நேராக லாரியில் ஏறி வந்தார். கால் முழுக்க மணிலாத் தூசி. துண்டை விரித்துக் காலை வைத்தார். இந்த முறை பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துப் பட்டை போட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அன்று அவர் பாடிப் போய் எதிரணியில் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தார். ஆலைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, அந்தத் தம்பி மூச்சே வாங்கறதில்லீங்களே. கால்ல என்னங்க கட்டு?"

"சுளுக்குங்க. எலும்பு நல்லா இருக்குது" என்றேன்.

"நாளைக்கும் இப்படியே ஆடட்டும். கூட்டிட்டுப் போயர்றேன். கால் நிக்குதான்னு மட்டும் பாத்துக்கணுமுங்க."

கட்டுக் காலோடு அவர் இதை என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். "நிக்கும் சார்" என்றார் என்னிடம். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்று சாயங்காலம் பட்டையைக் கத்தரியால் வெட்டி உரித்தேன். இரவு முழுவதும் கட்டோடு விட்டால் தோல் வெந்துபோகும். உரித்த இடத்தில் பிசின் கறுப்புக் கோடு கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குப் புதுசாகப் போடலாம், மூன்று மணிக்கே வந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு முன்பே வந்திருந்தார். நான் நேரத்தை மிச்சம் பிடிக்க அவர் காலுக்கு அளந்து பட்டைகளை வெட்டி, பெஞ்சு விளிம்பில் நுனியை ஒட்டித் தொங்கவிட்டிருந்தேன். டீம் முழுக்கச் சுற்றி நின்றது. அவர் துண்டை விரித்தார். காலை வைத்தார். முழுப் பாரத்தையும் என் தொடைமேல் விட்டு வைத்தார்.

நேற்றைய கறுப்புக் கோடு ஒன்றும் இல்லை. குதிகாலைத் தேய்த்திருந்தார். வெடிப்புகளில் இருந்த அழுக்கெல்லாம் போய் வெளுத்திருந்தது. கணுக்காலைப் பிடித்தேன். கட்டைவிரல் வழுக்கியது.

"இன்னாப்பா இது, எண்ணெயா?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தவில்லை.

"எண்ணெயா? எங்க காட்டு" என்று என் சித்தப்பா மகன் குனிந்து மோந்து பார்த்தான். "அட, தேங்கா எண்ணெ! இன்னாடா, பொண்ணு பாக்கவா போற?"

சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவன் விடவில்லை.

"குதிகால வேற தேச்சிருக்கான் பாருங்கடா, பளபளன்னு. தெரிஞ்சிபோச்சி! பெரிய வியாழக்கெழமன்னு நெனச்சிட்டான். டேய், அது போன மாசமே முடிஞ்சிபோச்சிடா. சாமியாரு எங்க பெரியப்பா காலத்தான் கழுவுனாரு. உனுக்கு எங்கண்ணன் வந்து கழுவணுமா?"

இந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. நைனாவின் செங்கல் துண்டும் செருப்பும் ஒரு கணம் கண்முன் வந்து, அது பொருத்தமாக இருந்ததால் வந்த சிரிப்பு. நான் தலை நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை எடுத்துக்கொண்டார்.

"வுடுங்க சார். நானே துணி சுத்திக்கறேன்."

"இருப்பா. ஸ்பிரிட் போட்டு நாலு தரம் தொடச்சா போயிடும்."

"வேணாம் சார். உங்களுக்கு எதுக்குச் செரமம்."

அவன் சொன்னது தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். காலைக் கொடு என்று அதட்டியாவது வாங்கியிருக்கலாம், அதட்டுகிற உரிமை எனக்கு இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நான் ஸ்பிரிட் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் தொடைமேல் கிடந்த துண்டை எடுத்து, பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். வேப்பமரத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்று சுற்றிக்கொண்டார். துணிக்கட்டு வீக்கத்தை மறைக்கும், காலைப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும்.

சித்தப்பா மகன் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினான். "ண்ணா, வெட்டி வெச்ச பட்ட வீணாத்தான போவுது? எனுக்கு சுத்து. கரண்டையாண்ட கொஞ்சம் இழுக்குது." அவர் காலுக்கு அளந்த பட்டைகள் அவை. ஒவ்வொன்றாகப் பிய்த்து அவன் காலில் ஒட்டினேன். உலர்ந்த தோல். நன்றாக ஒட்டியது.

ஆட்டம் தொடங்கியது. அவர் இரண்டு முறை பாடிப் போய் வந்தார். ஒரு முறைக்கு ஒருவர் வீதம் தொட்டார். மூன்றாம் முறை ஒருவரைத் தொட்டுவிட்டு எதிரணிக் களத்தின் கோடியில் திரும்பும்போது துணி தளர்ந்து குதிகாலுக்கு அடியில் போய்விட்டது. கால் அதன்மேல் புரண்டது. விழுந்தபின்னும் பாட்டு நிற்கவில்லை. மூச்சை விடாமல், மண்ணில் மாரால் ஊர்ந்து, கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் நிறுத்தினார். கூட்டம் கத்தியது. எங்களுக்கு அந்தப் புள்ளியும் கிடைத்தது.

நான் ஓடினேன். இந்த முறை காலைப் பிடிக்க அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. எலும்பின் நுனியில் விரல் வைத்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்கல சார்."

பின்விளிம்பில் தொடும் முன்பே கால்விரல்கள் சுருண்டுவிட்டன. நிற்கச் சொல்லவில்லை. மணிலா லாரி ஒன்றில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெளி எலும்பில் விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அவருடைய அம்மா கூடப் போனார். நான் போகவில்லை. இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, பெட்டியோடு திடலில் இருப்பது என் கடமை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். அவர் இல்லாத பின்பாதியில் என் சித்தப்பா மகன் நாலு பேரைப் பிடித்துப் போட்டான். ஆலைக்காரர் அவனையும் எதிரணியில் ஒருவனையும் பொறுக்கினார். என்னிடம் வந்து, "அந்தப் பாட்டுக்காரத் தம்பிக்கு எலும்பு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நான், "நேத்து நல்லா இருந்துதுங்க" என்றேன்.

ஜூனில் அவன் ஆலைக்குப் புறப்பட்டபோது எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். நைனா சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லி, நம் வீட்டுப் பிள்ளைக்குச் சர்வேசுரன் வழிகாட்டினார் என்று நன்றி சொன்னார். "ஆமென்" என்று நானும் சொன்னேன். நான் போட்ட கட்டுதான் ராசி என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் நல்லவன்தான். ஆலையிலிருந்து மாதாமாதம் அவன் வீட்டுக்குப் பணம் வந்தது. அன்று பெஞ்சருகில் பேசியது அவனுக்கு அடுத்த வாரமே மறந்திருக்கும்.

அவருக்கு மாவுக்கட்டுப் பிரித்தபின் கணுக்கால் பழைய மாதிரி மடங்கவில்லை. மூட்டை தூக்க முடிந்தது. பாடிப் போக முடியவில்லை. சாலையில் எதிரே வந்தால் சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, "வரேங்க சார்" என்பார். "கால் எப்பிடி இருக்குது?" என்று நான் ஒரு தரம் கேட்டேன். "நல்லா இருக்குது சார்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? விரல்களைப் பார்க்கலாமா என்று கீழே பார்த்தேன். செருப்பு இல்லை, புழுதி மூடியிருந்தது. நான் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

1967 பெரிய வியாழக்கிழமை நைனா கிணற்றடியில் குதிகால் தேய்க்கத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். எண்ணெயை ஊற்றினார். அந்த வாசனை வந்ததும் வாளியை வைத்துவிட்டு மணிலாக் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அடுத்த வருஷமும் ஏதோ சாக்குச் சொன்னேன். 1969இல் நைனாவுக்கு மூட்டுவலி. தம் இடத்தில் என்னைப் போகச் சொன்னார். மறுக்க முடியவில்லை. பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து, கால் கழுவாமல், எண்ணெய் தடவாமல், அப்படியே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் நீர் ஊற்றினார். தட்டில் செம்மண் தண்ணீர் ஓடியது. பக்கத்திலிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாக அன்றுதான் ஒருவர் சொன்னார். நைனா பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அந்த அழுக்குக் காலால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கும் தெரியவில்லை.

அன்று அவர் ஏன் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார் என்று நான் வெகுகாலம் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் சித்தப்பா மகன் சொன்ன காரணத்தையே நானும் காரணமாக வைத்திருந்தேன். அவர் காலை ஒரு வாத்தியார் கையில் வாங்குகிறார், அதற்காக, வலதுபக்கத்துப் பன்னிரண்டு பேர் செய்வதைப் பார்த்து அவரும் செய்தார் என்று நினைத்து, அதற்காக வெட்கப்பட்டேன். அதில்கூட எனக்கு ஒரு மேலான இடம் இருந்தது.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. பிளாஸ்திரியை உரித்தபின் தோலில் நிற்கும் பிசினுக்கு மண்ணெண்ணெய் போட்டால் எரியும். ஆகவே என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்களிடம், "வூட்டுக்குப் போயி தேங்கா எண்ணெ தடவி நல்லாத் தேயி, போயிடும்" என்று சொல்வது என் வழக்கம். அடுத்தடுத்த நாளில் ஒரே காலுக்குக் கட்டுப் போட வேண்டிய அவசியம் அதற்குமுன் வந்ததில்லை. அதனால் அந்தச் சொல்லால் யாருக்கும் கெடுதல் வந்ததும் இல்லை. சனிக்கிழமை மாலை அவர் காலில் கறுப்புக் கோடுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை.

மே 14 தேதிக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "பட்டை உரித்தேன். வீக்கம் குறைவு. நாளை மூன்று மணி" என்று மட்டும் இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் மூலம் பெங்களூரில் விசாரித்தேன். இடம் தெரியவில்லை. அன்று சுற்றி நின்றவர்களில் உயிரோடிருக்கும் இருவரையும் கேட்டேன். பரிகாசம் அவர்களுக்கு நினைவிருக்கிறது, முந்தின நாள் நினைவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தடவச் சொல்லி அவரை அனுப்பியது நானேதானா என்பது இந்தத் தேதிவரை சரிபார்க்கப்படவில்லை.